கணக்கேட்டின் சாவி யார் கையில்?

சகோதர வணிகர்களே,

நமது சங்கத்தின் சென்ற நிர்வாகக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அங்கத்தினர் பதிவேடு, மாதச் சந்தா, மௌத்து நிதி ஆகிய மூன்றையும் கணினியில் ஒழுங்காக வைத்துக்கொள்ள எந்த மென்பொருளை எடுப்பது என்பதே அக்கேள்வி. விலைக்கு விற்கும் மென்பொருளை வாங்கிவிட்டால் கவலையில்லை என்றனர் ஒரு சாரார். பல தேசத்து வல்லுநர்கள் சேர்ந்து எழுதி விலையின்றி வழங்கும் திறந்த மூல மென்பொருள் இருக்கும்போது சங்கத்தின் பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். இரவு 11 மணி வரை பேசியும் முடிவு ஏற்படவில்லை. "நீங்கள் இரண்டிலும் அடிபட்டவராயிற்றே, விவரத்தை எழுதுங்கள்" என்று காரியதரிசி நம்மைப் பணித்தார்.

நாம் பட்டம் பெற்றவரல்லோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நமது கல்வி. மற்றவையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து கற்றவை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு அறிந்தவை. ஆகையால் ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்குச் சொல்லும் முறையிலேயே எழுதுகிறோம்.

திறந்த மூலம் என்பது யாது?

பினாங்குவாசிகளுக்கு இதை நாசி கண்டாரைக் கொண்டு விளக்கலாம். ஒரு கடையில் குழம்பு வாங்குகிறோம். ருசி நன்றாயிருக்கிறது. ஆனால் எந்த மசாலா எவ்வளவு சேர்ந்தது என்பது அந்தச் சமையற்காரருக்கு மட்டுமே தெரியும். காரம் அதிகம் என்றால் அவர்தாம் குறைக்க வேண்டும். அவர் கடையை மூடிவிட்டால் அந்தக் குழம்பும் போயிற்று. வர்த்தக மென்பொருளில் பெரும்பாலானவை இத்தகையவை. உபயோகிக்கும் உரிமைக்கு நாம் விலை கொடுக்கிறோம். உள்ளே எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கவோ மாற்றவோ நமக்கு உரிமையில்லை.

மற்றொரு சமையற்காரர் குழம்போடு செய்முறைச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கிறார். "நீங்களே செய்து பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், பிறருக்கும் கொடுங்கள்" என்கிறார். அந்தச் சீட்டுக்குத்தான் மென்பொருள் உலகில் மூல நிரல் என்று பெயர். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ஆம் வருஷம் இத்தகைய மென்பொருளுக்கென்று ஒரு முயற்சியைத் தொடங்கினார். 1991-இல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்ற கணினி இயக்க ஏற்பாட்டின் கருவை எழுதி வெளியிட்டார். திறந்த மூலம் என்ற பெயர் 1998-இல் வழக்குக்கு வந்தது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். விலையில்லாதது எல்லாம் திறந்த மூலம் அன்று. கைப்பேசியில் நாம் காசில்லாமல் உபயோகிக்கும் பலவற்றின் செய்முறைச் சீட்டு நமக்குக் கிடைக்காது. அவ்வாறே திறந்த மூலம் என்றால் காசு வாங்கக் கூடாது என்பதும் இல்லை. அதை அமைத்துக் கொடுப்பதற்கும் பராமரிப்பதற்கும் கட்டணம் பெறும் பெரிய நிறுவனங்கள் உலகில் உண்டு.

இரண்டிலும் சேராத வழி

விலைக்கும் வாங்காமல், திறந்த மூலத்தையும் எடுக்காமல், விற்பனை மென்பொருளின் திருட்டுப் பிரதியைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மவர் கடைகளிலும் இருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை. இந்நாட்டின் 1987-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், தொழிலுக்காக அத்தகைய பிரதியை வைத்திருப்பவருக்குப் பிரதி ஒன்றுக்கு 2,000 வெள்ளிக்குக் குறையாமலும் 20,000 வெள்ளிக்கு மேற்படாமலும் அபராதம் விதிக்க இடந்தருகிறது. சிறைத் தண்டனையும் உண்டு. மார்க்கத் தீர்ப்பும் தெளிவானது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியருக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் உள்ள உரிமைகள் ஷரீஅத்தின்படி பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறுதல் கூடாது என்று தீர்மானித்தது. தராசில் குறைத்து நிறுப்பது ஹராம் என்று அறிந்த நாம், பிறர் உழைப்பைக் காசு கொடாமல் எடுப்பதை மட்டும் சாமர்த்தியம் என்று எண்ணலாகாது. எனவே இவ்வழியை இங்கேயே விட்டுவிடுகிறோம்.

கடையில் நாம் பட்டது

2015 ஏப்ரல் 1-ஆம் தேதி 6 சதவீத ஜி.எஸ்.டி. வரி அமலுக்கு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கணக்கு மென்பொருள் வாங்குவதற்கெனச் சிறு வணிகர்களுக்கு அரசாங்கம் 1,000 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டும் வழங்கியது. நாமும் ஒரு விற்பனையாளரிடம் மென்பொருள் வாங்கினோம். வேலை செவ்வையாக நடந்தது. 2018 ஜூன் 1-இல் அந்த வரி பூஜ்யமாக்கப்பட்டு, செப்டம்பர் 1-இல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்ப வந்தபோது, விற்பனையாளரே வந்து மென்பொருளைத் திருத்திக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கியதன் பலனை அன்று கண்டோம். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முறை மாறிய வரி விதியை நம்மால் எழுதிக்கொள்ள முடியுமா?

சில வருஷங்கள் சென்றன. அந்த விற்பனையாளர் தொழிலை மூடிவிட்டார். தொலைபேசி ஒலிக்கவில்லை. பிறகு நம் கணினியும் பழுதாயிற்று. கணக்குகளின் நகல் நம்மிடம் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். அம்மென்பொருளைப் புதுக் கணினியில் இயக்க விற்பனையாளர் தரும் குறிச்சொல் வேண்டும். விற்பனையாளரோ இல்லை. வருமான வரிச் சட்டப்படி கணக்குகளை 7 வருஷம் வைத்திருக்க வேண்டியவர் நாம். கடைசியில் கிட்டங்கி மூலையிலிருந்த அச்சுத்தாள்களை எடுத்து, ஒரு குமாஸ்தாவை அமர்த்தி, மூன்று மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினோம். கணக்கு நம்முடையது, எழுதியது நாம், பெட்டியும் நம் கையில். சாவி மட்டும் நம்மிடம் இல்லை.

சங்கத்தில் நாம் கண்டது

இதைக் கேட்டவர்கள், "அப்படியானால் திறந்த மூலமே சரி" என்பார்கள். அவர்கள் சங்கத்தில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். கணினி படித்த நம் இளைஞர் ஒருவர், ஊதியம் எதுவும் பெறாமல், திறந்த மூல மென்பொருளைக் கொண்டு மௌத்து நிதிப் பதிவேட்டை அமைத்துக் கொடுத்தார். இரண்டு வருஷம் குறைவின்றி நடந்தது. பின்னர் அவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் சென்றார். நிர்வாகியின் கடவுச்சொல் அவர் ஒருவருக்கே தெரியும். எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை; எழுதி வைக்கும்படி நாமும் கேட்கவில்லை.

ஓர் இரவு 2 மணிக்கு மூத்த அங்கத்தினர் ஒருவர் மௌத்தானார். காலையில் நல்லடக்கம். கபன் செலவுக்கும் வண்டிக்கும் பணம் வேண்டி அவருடைய மகன் சங்க வாசலில் வந்து நின்றார். கணினியைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கிறது. இளைஞருக்குத் தொலைபேசி செய்தோம். அவர் உறக்கத்தில் இருந்தார். அந்த வேளையில் பழைய குமாஸ்தா பாய் அலமாரியிலிருந்து ரசீதுப் புத்தகங்களை இறக்கினார். இருவர் உட்கார்ந்து அடிக்கட்டைகளைப் புரட்டி, சந்தா பாக்கி இல்லை என்று கண்டு பணத்தைக் கொடுத்தபோது பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு சொல்லிவிட்டார்கள். வாப்பாவை வீட்டில் கிடத்திவிட்டு வந்த அந்தப் பிள்ளை, நம் வாசலில் அத்தனை நேரம் நின்றது நமக்கு இன்றும் வெட்கமாகவே இருக்கிறது.

முதல் சம்பவத்தில் சாவி விற்பனையாளர் கையில். இரண்டாவதில் சாவி ஓர் இளைஞர் கையில். இரண்டிலும் அது உரியவர் கையில் இல்லை. விலை உண்டா இல்லையா என்பதைவிட இதுவே முதற்கேள்வி என்று நாம் உணர்ந்தது அந்த இரவில்தான்.

அரசாங்கங்கள் பெற்ற அனுபவம்

பெரிய ஸ்தாபனங்களுக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது. நம் மலேசிய அரசாங்கம் 2004-இல் பொதுத்துறைக்கென ஒரு திறந்த மூலத் திட்டத்தை மாம்பு என்ற இலாகாவின் வாயிலாக வெளியிட்டு, அதற்கென ஓர் உதவி நிலையத்தையும் நிறுவியது. தமிழ்நாட்டில் அரசுக்குச் சொந்தமான எல்காட் நிறுவனம், உமாசங்கர் அவர்கள் நிர்வாக இயக்குநராயிருந்த காலத்தில், 2007-ஐ ஒட்டித் தன் கணினிகளை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. கேரளத்து அரசுப் பள்ளிகளோ திறந்த மூலத்தை இன்று வரை கைவிடவில்லை. அங்கே முதலில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். பழுது வந்தால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரே வந்து பார்க்கும் நிலையை உண்டாக்கினார்கள். பாடநூலையும் அதற்கேற்ப எழுதினார்கள்.

ஜெர்மனியின் மியூனிக் மாநகரம் வேறொரு பாடம் தருகிறது. 2003-இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றினார்கள். 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்புவதென நகர சபை முடிவு செய்தது. காரணம் அரசியலா, ஊழியர்களின் சிரமமா என்று வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் தன் 30,000 கணினிகளைத் திறந்த மூலத்துக்கு மாற்ற முடிவு செய்தது. ஆகவே, ஒருவர் மாறினார் என்பதற்காக நாமும் மாறுவதும், ஒருவர் திரும்பினார் என்பதற்காக நாமும் அஞ்சுவதும் அறிவுடைமை ஆகா. அவரவரிடம் உள்ள ஆட்களையும் வேலையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தமிழ் எழுத்து கற்பித்த பாடம்

கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு எழுத்துமுறை இருந்தது. ஒன்றில் தட்டியதை மற்றொன்றில் திறந்தால் எழுத்துக்கள் சிதறிப் பொருளற்ற குறிகளாய் நிற்கும். நம் சங்கத்தின் பழைய இதழ்கள் சில அவ்வாறே ஒரு தட்டில் கிடக்கின்றன. தாளில் அச்சானதை இன்றும் வாசிக்கலாம். கணினியில் உள்ளதை வாசிக்க முடியவில்லை. யூனிகோடு என்னும் பொது முறை பரவிய பின்னரே இத்தொல்லை தீர்ந்தது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் அதை ஏற்றது.

இந்த வரலாற்றில் இரு வகையாரும் தொண்டு செய்திருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கித் தொழிலாகவே வளர்த்தார். மற்றொரு புறம் தன்னார்வ இளைஞர்கள் எ-கலப்பை என்ற விசைப்பலகை மென்பொருளை விலையின்றி வழங்கினார்கள். விற்றவரும் கொடுத்தவரும் இறுதியில் ஒரே பொது எழுத்துமுறைக்கு வந்தார்கள். நமக்குப் பாடம் இதுவே: மென்பொருள் எவருடையதாயினும் ஆகட்டும், அதில் எழுதியது பொது முறையில் வெளியே வர வேண்டும்.

இலவசத்துக்கும் செலவுண்டு

ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம். விற்பனை மென்பொருளின் விலை 1,500 வெள்ளி, முதல் வருஷப் பராமரிப்பு அதில் அடக்கம், பின்னர் வருஷத்துக்கு 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 5 வருஷத்துக்கு 3,500 வெள்ளி. திறந்த மூலத்துக்கு விலை இல்லை. ஆனால் அமைத்துக் கொடுப்பவருக்கு 800 வெள்ளி, இருவருக்குப் பயிற்சி 600 வெள்ளி, வருஷத்துக்கு நான்கு முறை வந்து பார்க்க 400 வெள்ளி என்றால் 5 வருஷத்துக்கு 3,400 வெள்ளி. வித்தியாசம் 100 வெள்ளிதான். ஆட்களுக்குத் தகுந்தாற்போல் இத்தொகைகள் ஏறும், இறங்கும். பராமரிப்பைக் கணக்கில் எழுதாமல் "இலவசம்" என்பவர், வாடகையை எழுதாமல் லாபம் காட்டும் கடைக்காரரைப் போன்றவர்.

பாதுகாப்பும் பராமரிப்பைப் பொறுத்ததே. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற கிருமி உலகெங்கும் விண்டோஸ் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். திறந்த மூலத்திலும் 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. உலகத்துக் கடைகளெல்லாம் நம்பியிருந்த அம்மென்பொருளைச் சொற்ப பேர்களே கவனித்து வந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. எல்லாரும் பார்க்கலாம் என்பதனால் எவரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருளாகாது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எந்த மென்பொருளையும் எடுக்குமுன் பின்வரும் ஐந்தையும் கேளுங்கள்.

1. நம் கணக்குகள் முழுவதையும் வேறு எந்த மென்பொருளிலும் திறக்கத்தக்க வடிவில் வெளியே எடுக்க முடியுமா? விற்பவர் வாயால் சொல்வது போதாது. நம் கண் முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. பழுது ஏற்பட்டால் எவர் வருவார்? அவர் இல்லையென்றால் அடுத்தவர் யார்? பினாங்கிலேயே இருவர் பெயரைச் சொல்ல முடிகிறதா?

3. வரி விதி மாறினால் திருத்தித் தரும் பொறுப்பு எவருடையது? எழுத்தில் இருக்கிறதா?

4. 5 வருஷத்தில் மொத்தச் செலவு எவ்வளவு?

5. கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவர் என்றால் ஆபத்து. எல்லாரும் என்றாலும் ஆபத்து.

நமது யோசனை

மேற்கண்டவற்றை நிறுத்துப் பார்த்து நாம் கூறும் யோசனை, எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு வேண்டியதில்லை என்பதே.

கடிதம், கூட்டக் குறிப்பு, இவ்விதழ் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் என்ற திறந்த மூல மென்பொருள் போதும். ஓப்பன் ஆபீஸை வளர்த்து வந்தவர்களில் பலர் 2010-இல் பிரிந்து வந்து இதை நடத்துகிறார்கள். செய்முறைச் சீட்டு கையில் இருந்தபடியால் அவர்களால் தனிக் கடை வைக்க முடிந்தது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. புது விண்டோஸ் ஏறாத நம் பழைய கணினிகளை எறியாமல், அவற்றில் லினக்ஸை அமைத்துப் பார்க்கலாம்.

கடைகளின் வரிக் கணக்குக்கு, உள்ளூர் விதிகளைக் கவனித்துத் திருத்தித் தரும் விற்பனை மென்பொருளை வாங்குவதில் தவறில்லை. மின் விலைச்சீட்டு முறை 2024 ஆகஸ்ட் 1-இல் 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது. விலைச்சீட்டுகள் சொற்பமாக உள்ளவர்கள், வருமான வரி வாரியம் கட்டணமின்றி வைத்திருக்கும் மைஇன்வாய்ஸ் தளத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். விலைக்கு வாங்குபவர்கள் முதற்கேள்வியை மறவாதிருப்பார்களாக. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குகளைப் பொது வடிவில் எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மௌத்து நிதிப் பதிவேடு அமானிதம். அதைப் பெரிய மென்பொருள் எதிலும் ஏற்ற வேண்டாம். லிப்ரே ஆபீஸ் அட்டவணையில் எளிமையாக வைத்து, காரியதரிசியும் பொருளாளரும் கடவுச்சொல்லை அறிந்திருக்க, அதை எழுதி முத்திரையிட்ட உறையொன்று தலைவரின் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். மாதக் கடைசியில் ஒரு பிரதி அச்செடுத்து அலமாரியில் வையுங்கள். அடிக்கட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள்.

விலையின்றிப் பெறுவதைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. கப்பித்தான் பள்ளிவாசல் 1801-இல் தோன்றிய காலந்தொட்டு, வக்ஃபு நிலங்களின் பலனை அனுபவித்து வரும் ஊர் இது. வக்ஃபுக்கு விலையில்லை, ஆனால் காவல் உண்டு. அக்காவல் தளர்ந்தபோதுதான் 1905-இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமே போட நேர்ந்தது. திறந்த மூல மென்பொருளையும் அவ்வாறே கருதுவோம். விலை மிச்சமான தொகையில் ஒரு பகுதியை வருஷந்தோறும் ஒதுக்கி, நம் பிள்ளைகளில் இருவரைப் பயிற்றுவிக்கவும், அம்மென்பொருளைப் பராமரிப்போருக்கு இயன்றதை அனுப்பவும் சங்கம் தீர்மானிக்க வேண்டுகிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் சகோதரர்கள், தத்தம் கடையில் உள்ள மென்பொருளுக்கு இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்களாக. விடைகளை வைத்துக்கொண்டு பேசினால், இன்ஷா அல்லாஹ், இம்முறை 11 மணிக்கு முன்னமே முடிவு காணலாம்.

வஸ்ஸலாம்.